தமிழ் டைட்டில் போட அடோபிக்குக் காசு கட்ட வேண்டுமா?

மல்டிமீடியா படிப்பில் சேர்ந்திருக்கும் நண்பர் கேட்ட கேள்வி இது. படம் திருத்தும் கிம்ப், வரையும் இங்க்ஸ்கேப், வீடியோ வெட்டும் கேடென்லைவ் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் போதுமா, இல்லை போட்டோஷாப், பிரீமியர் விற்கும் அடோபிக்கு மாதாமாதம் கட்டத்தான் வேண்டுமா? லேயர், மாஸ்க், டைம்லைன் எல்லாம் இரு பக்கமும் உண்டு. கற்றுக்கொள்ளும் கட்டத்தில் அதில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டையும் நெடுநாள் ஓட்டியதில் விடாமல் எரிச்சல் தந்தது ஒன்றுதான்: தமிழ் எழுத்து.

பழைய போட்டோஷாப்பில் ‘கொக்கு’ என்று டைப் செய்து பாருங்கள். கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கு’ ஒரே வடிவமாகச் சேராது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் முதலில் ‘க’, அப்புறம்தான் உயிர்க்குறி. கொம்பை முன்னே இழுப்பதும் சேர்ந்த வடிவத்தை எடுப்பதும் மென்பொருளின் வேலை. இது தெரியாமல் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் ஏராளம்.

தீர்வு உள்ளேயே இருக்கிறது, ஒளித்துத்தான் வைத்திருக்கிறார்கள். எடிட், பிரிஃபரன்சஸ், டைப் போய் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ தேர்ந்தெடுங்கள். இன்னும் பழைய பதிப்புகளில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ என்றிருக்கும். போட்டோஷாப்பை மூடித் திறந்து புது ஃபைலில் டைப் செய்ய வேண்டும். 2022 பதிப்பிலிருந்து இந்தத் தொல்லை இல்லை. அடோபியின் வீடியோ மென்பொருளான பிரீமியரில் பிரிஃபரன்சஸில் ‘கிராஃபிக்ஸ்’ பகுதியைப் பாருங்கள். அங்கே ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ இருக்கும். காசு கட்டியவன் தன் மொழியை மெனுவுக்குள் தேடி எடுக்க வேண்டுமாம்!

தேடாதவர்கள் பாமினிக்குப் போனார்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. போஸ்டரில் அழகாகத்தான் இருக்கும். அதே வரியை சப்டைட்டிலில் ஒட்டினால் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து விழும். தேடினாலும் கிடைக்காது. புதிதாகக் கற்பவர் இந்தப் பழக்கத்தைத் தொடவே வேண்டாம். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், பாலூ தம்பி என்று நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஓப்பன் சோர்ஸ் பக்கம் இந்தக் கூத்தே கிடையாது. கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் பேங்கோ என்ற துணை நிரல் வழியாகவும், கேடென்லைவ் க்யூடி என்ற துணை நிரல் வழியாகவும், எழுத்து வடிவங்களைச் சேர்த்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலிடம் எழுத்தைக் கொடுத்துவிடுகின்றன. நிறுவியவுடன் ‘கொக்கு’ கொக்காகவே நிற்கும். எந்த செட்டிங்கும் தொட வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் செய்ததை வெளியே அனுப்பும் முன் எழுத்தை வெறும் வரைகோடாக மாற்றும் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்துவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலும் உருவம் மாறாது. திருத்தம் வந்தால் தேவைப்படும், மூலப் பிரதி ஒன்றைத் தனியே வையுங்கள். கேடென்லைவில் செல்போன் வீடியோவைச் சேர்க்கும்போது, ஃபிரேம் வேகம் சீராக இல்லை, மாற்றித் தரட்டுமா என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். மறுத்தால் போகப் போக வாயசைவும் ஒலியும் விலகும்.

கிம்ப்பைத் திட்டவும் காரணம் உண்டு. 2.10 பதிப்பில் தலைப்புக்குப் போட்ட நிழல் எழுத்தைத் தொடர்ந்து மாறாது. ஒரு எழுத்தைத் திருத்தினால் நிழல் வேலை வீண். மறுபடி போட வேண்டும். 2025 மார்ச்சில் வந்த 3.0இல்தான் நிழல் எழுத்தோடு நகரக் கற்றுக்கொண்டது. போட்டோஷாப்பில் இது பல்லாண்டு பழைய வசதி.

இவ்வளவு சொன்னபின் நண்பருக்கு என் பதில்: பிரிண்டிங், ஃபிளெக்ஸ் பக்கம் வேலை தேடுவதென்றால் போட்டோஷாப்பே கற்றுக்கொள். அங்கே கைமாறுவது போட்டோஷாப்பின் சொந்த வடிவமான பி.எஸ்.டி ஃபைல். கிம்ப் அதைத் திறக்கும். ஆனால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போன்ற போட்டோஷாப் வசதிகள் எல்லாம் அப்படியே வரும் என்று நம்பி இறங்க முடியாது. பணம் கட்டும்போது ‘ஆண்டுத் திட்டம், மாதத் தவணை’ என்பதை மட்டும் தொடாதே. 14 நாள் தாண்டி நிறுத்தினால் மீதித் தவணைகளில் பாதியைக் கேட்கும் ஒப்பந்தம் அது. இந்தக் கட்டணத்தை மறைத்தார்கள் என்றுதான் அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபி மேல் வழக்குப் போட்டது. விலை கூடினாலும் ஒரு மாதத் திட்டமே எடு. டைட்டில் வேலையை மட்டும் கேடென்லைவிலேயே வைத்துக்கொள்.