ஆடி ஒன்றுக்குத் தேங்காயும் அழிஞ்சில் குச்சியும்: சந்தைப்பேட்டை ஆயா கடை

தருமபுரி சந்தைப்பேட்டைக்குப் போகிற வழியில், ஆடி பிறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஒரு ஆயா சாக்கு விரித்துக் கடை போடுவார். பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. ஆடி ஒன்றாம் தேதி மதியம் சரக்கு தீர்ந்ததும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். விற்பது இரண்டே பொருள்: ஆடி ஒன்றுக்குத் தீயில் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைக்கிற தேங்காய், அதில் செருகுகிற அழிஞ்சில் மரத்துக் குச்சி. ஆறு வருஷமாக, போன வருஷம் ஒன்றைத் தவிர, நான் அவரிடம்தான் வாங்குகிறேன். இந்த வருஷம் எங்கள் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளைக்கு நாகர்கோவில். வைகாசியில் கல்யாணம், இது தலை ஆடி. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துவந்து, "நாளைக்குத் தேங்காய் சுடணும், வாங்க கடைக்குப் போலாம்" என்றேன். அவர் முழித்தார். "சுடறதா? அடுப்புலயா அத்தை? சட்னிக்கா?" என்றார். தேங்காய் அரைக்காமல் ஒரு குழம்புகூட வைக்காத ஊர்க்காரர் இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்நாடு முழுக்க ஆடி ஒன்றுக்குத் தேங்காய் சுடுவார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், எங்கள் தருமபுரி, இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இது வழக்கமாம். எங்கள் ஊரும் 1965 வரை சேலம் மாவட்டத்தில்தானே இருந்தது.

சரி, கடைக்கு வருகிறேன். தேங்காய் ஒன்று 40 ரூபாய், குச்சி 10 ரூபாய். சந்தையில் சும்மா வாங்கும் தேங்காயைவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் அதற்கான வேலை அதில் இருக்கிறது. நாரை ஒரு இழைகூட விடாமல் உரித்து, ஓட்டைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து மழமழவென்று வைத்திருப்பார். நார் மிச்சம் இருந்தால் தீயில் வைத்ததும் அதுதான் முதலில் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு காயையும் காதோரம் ஆட்டிப் பார்த்து, ஓட்டில் நகத்தால் தட்டிப் பார்த்துத்தான் தருவார். போன வருஷம் நேரமில்லை என்று வேறொரு கடையில் வாங்கினேன். ஓட்டில் மயிரிழை அளவு கீறல். தீயில் காட்டிய ஐந்தாவது நிமிஷம் தண்ணீரெல்லாம் ஒழுகி, உள்ளே இருந்த பயறு வேகாமல் நறநறவென்று கிடந்தது. பிள்ளையாருக்கு அதைத்தான் படைத்தோம். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

மாப்பிள்ளை ஆயாவிடம் கேட்ட கேள்விகளைச் சொல்ல வேண்டும். பின்னால் கூட்டம் நிற்கிறது, ஆயா முகம் சுளிக்கவில்லை. தேங்காயின் மூன்று கண்ணையும் காட்டி, "ரெண்டு குருட்டுக் கண்ணு சாமி, இது ஒண்ணுதான் தொறக்கும்" என்று கம்பியை ஒரு திருகு திருகினார். பொத்தென்று உள்ளே போனது. தண்ணீரை அவரே டம்ளரில் வடித்து, "கீழ ஊத்திராத, மறுபடி இதுக்குள்ளதான் போகணும்" என்றார்.

"மூடிட்டு நெருப்புல வெச்சா வெடிக்காதா ஆயா?"

"ரொம்பத் திணிச்சா வெடிக்கும். பயறு ஊறி உப்புமில்ல, அதுக்கு எடம் விடணும். முக்கால் போதும்."

நான் வருஷா வருஷம் முக்கால்தான் நிரப்புகிறேன், அம்மா செய்தார் என்பதற்காக. காரணம் இந்த வருஷம்தான் தெரிந்தது. அழிஞ்சில் குச்சியே ஏன் என்றும் மாப்பிள்ளை கேட்டார். மற்ற குச்சி சீக்கிரம் எரிந்து உள்ளே விழுந்துவிடும், இது தாங்கும், வாசமும் இறங்கும் என்றார் ஆயா. துளைக்குத் தகுந்தாற்போல் குச்சி முனையைச் சீவி, செருகிப் பார்த்து, மஞ்சள் பூசிக் கையில் கொடுத்தார். நாலு காயில் ஒன்றுக்குத் துளை பெரிதாகிவிட்டது. நான் சொல்வதற்கு முன்பே அதைத் தள்ளிவைத்து வேறு எடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் தீ மூட்டினோம். வறுத்த பச்சைப்பயறு, எள், பொட்டுக்கடலை, அவல், பொடித்த வெல்லம். எல்லாவற்றையும் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி உள்ளே தள்ளியது மாப்பிள்ளைதான். வெல்லம் கட்டியாக இருந்தால் வழியில் அடைத்துக்கொள்ளும், மாவாக இடிக்க வேண்டும். தண்ணீரைப் பாதி ஊற்றிக் குச்சியை அடித்து இறுக்கி, தெருவே வரிசையாக உட்கார்ந்து தேங்காயைத் தீயில் திருப்பிக்கொண்டிருந்தது. அரைமணி நேரத்தில் ஓடு கறுத்து, குச்சியோரம் வெல்லப்பாகு நுரைத்து, பட்டென்று விரிசல் விட்டது. அந்த வாசத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, தர்மம் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிச் சுட்ட தேங்காய் இது என்று பெரியவர்கள் சொல்வதை என் மகள் சொன்னாள். தெருக்கூத்தில் துரியோதனன் படுகளம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. மாப்பிள்ளைக்கு அதுவும் புதுசு.

"உங்க ஊர்ல ஆடிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டேன். ஔவையார் நோன்பு என்றார். ஆடிச் செவ்வாய் ராத்திரி பெண்கள் மட்டும் கூடி உப்பில்லாத கொழுக்கட்டை செய்வார்களாம். ஆண்கள் பார்க்கக்கூடாது, பையன் கைக்குழந்தையாக இருந்தாலும் ஆகாது. "அந்தக் கொழுக்கட்டை என்ன வடிவம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது அத்தை." எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது எங்கள் தகடூரில், அதாவது இதே தருமபுரியில். ஔவைக்கு நோன்பு இருப்பது நாகர்கோவிலில். இங்கே எங்கள் வீட்டில் அப்படி ஒரு நோன்பைக் கேள்விப்பட்டதே இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஆடிக்கு முந்தின நாள் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வரிசை என்று எதுவும் இல்லை, முண்டியடித்துத்தான் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்குக் குறை. சில்லறை கொண்டுபோங்கள், போனில் பணம் அனுப்ப வழியில்லை. சுடத் தெரியாதவர்கள் தைரியமாகக் கேளுங்கள்.

அன்றைக்குக் கடையிலிருந்து நாங்கள் கிளம்பும்போது ஆயா மாப்பிள்ளை கையில் காசு வாங்காமல் ஒரு குச்சியைத் திணித்து, "உங்கம்மாவுக்குச் சுட்டுக் குடு கண்ணு" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலிலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார். தேங்காயை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறாராம். எந்தக் கண்ணில் குத்த வேண்டும் என்று கேட்டார்.