தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சித்தாந்த வகுப்பு

உலகம் உள்பொருளா, வெறும் தோற்றமா என்ற கேள்வியை முறையாகப் படித்தறிய விரும்பும் மதுரைக்காரர்களுக்கு, தெற்கு மாசி வீதியை ஒட்டிய கட்டடம் ஒன்றின் மாடியில் ஞாயிறுதோறும் மாலையில் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஓராண்டுப் பாடம், கட்டணம் இல்லை, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூல்களின் தொகுப்பான மெய்கண்ட சாத்திர நூலை மட்டும் விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். குறைகளையும் எழுதவிருப்பதால் வகுப்பின் பெயரை இங்கே தரவில்லை.

பாடத்தின் முதுகெலும்பு சிவஞான போதம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய இந்நூல் 12 நூற்பாக்கள், 40 அடிகள் மட்டுமே கொண்டது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு வாதம் மறைந்திருப்பதால், உரையில்லாமல் படிப்பவருக்கு எதுவும் கைக்கு எட்டாது. ஆசிரியர் இதை நன்கு உணர்ந்தவர். உயிர் என்பது உடலுக்கு வேறானது என்று நிறுவும் மூன்றாம் நூற்பாவில் ‘எனதுடல் என்றலின்’ என்ற ஒரே தொடருக்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்கினார். என் கை, என் கால் என்று ஒருவன் சொல்லும்போது, உடையவன் வேறு, உடைமை வேறு என்றாகிறது. ஆகவே உடலை ‘எனது’ என்பவன் உடலாக இருக்க முடியாது என்பது வாதம். உடனே ஒரு கல்லூரி மாணவி எழுந்து, “என் உயிர் என்றும்தானே ஐயா சொல்கிறோம்? அப்படியானால் நான் உயிருக்கும் வேறானவளா?” என்று கேட்டார். ஆசிரியர் கேள்வியை மழுப்பவில்லை. ஆறாம் வேற்றுமையில் தன்னோடு பிரியாதிருப்பதைக் குறிக்கும் தற்கிழமை, தன்னிலிருந்து வேறானதைக் குறிக்கும் பிறிதின்கிழமை என இரண்டு இருப்பதை எழுதிக் காட்டி, ‘சாத்தனது கை’ என்பதை இலக்கணமே தற்கிழமையில்தான் சேர்க்கிறது என்பதையும் தாமே முன்வந்து சொல்லி, பேச்சு வழக்கு ஒன்றை மட்டும் வைத்து இந்த வழக்கை முடித்துவிட முடியாது என்று ஒப்புக்கொண்டார். அதனால்தான் மெய்கண்டார் ஒரே காரணத்தோடு நிற்காமல், கண் கேட்பதில்லை, செவி காண்பதில்லை, ஆனால் ஐம்புலன் அறிவையும் ஒருசேர அறியும் ஒருவன் இருக்கிறான் என்றும், உறக்கத்தில் உடல் கிடந்தும் உண்ணுதலும் செயலும் இல்லாமற் போவதால் செய்பவன் உடல் அல்லன் என்றும் காரணங்களை அடுக்குகிறார் என விளக்கினார். அந்த ஒரு மாலைக்காகவே இந்த வகுப்பில் சேரலாம்.

எதிர்த்தரப்பை முதலில் முழு வலுவோடு நிறுத்தி, பிறகே மறுப்புக்குப் போவது இங்கே நான் மிகவும் மதிக்கும் முறை. உடலே உயிர் என்பவர்களைப் பற்றிய பாடத்துக்கு அவர் மணிமேகலையைக் கையில் எடுத்தார். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் அந்தக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர் பத்துப் பேரை வரிசையாகப் பேச வைக்கிறார். அவர்களில் பூதவாதி, ஆத்திப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடும்போது அவற்றில் தனித்தனியே இல்லாத மதுவின் களிப்புப் பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். இன்றைய மூளையியல் பேசுபவர்களின் வாதம் ஏறத்தாழ இதே பாதையில் செல்வதைக் கவனித்த சிலர் வகுப்பிலேயே பூதவாதியின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஆசிரியர் அதைக் கண்டு மகிழ்ந்தார் என்றே சொல்ல வேண்டும். மறுப்பை அடுத்த வாரம்தான் தொடங்கினார்.

மாயை பற்றிய பகுதி வகுப்பின் உச்சம். சங்கரரின் மரபில், முடிந்த முடிபாக உள்ளது பிரமம் ஒன்றே. நாம் புழங்கும் இவ்வுலகம் வியாவகாரிக நிலையில், அதாவது அன்றாட நடைமுறை அளவில் மட்டும் உண்மை. கயிற்றில் தோன்றிய பாம்பு பிராதிபாசிகம், அதாவது தோன்றும் வரை மட்டுமே உள்ளதுபோல் இருப்பது. சித்தாந்தத்தில் மாயை பொய்த்தோற்றம் அன்று. அது என்றும் உள்ள முதற்காரணம், குடத்துக்கு மண்போல உலகத்துக்கு அமைந்த உள்பொருள். உயிரை மறைக்கும் இருள் ஆணவம். மாயை தரும் உடலும் கருவிகளும் உலகமும், விடியும் வரை அந்த இருளில் உதவும் விளக்கு. இரண்டு மரபும் ஒரே சொல்லை எவ்வளவு தொலைவான பொருள்களில் ஆள்கின்றன என்பதை அறியாமல், ‘எல்லாம் மாயை’ என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். இந்தப் பாடத்துக்கு முன்பு ஆசிரியர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: சொக்கப்ப நாயக்கன் தெருவில், 1896இல் பின்னாளில் ரமண மகரிஷி ஆன 16 வயது வேங்கடராமன் மரண அச்சம் வந்து தரையில் படுத்து ‘செத்துப்போவது யார்’ என்று தனக்குள் தேடிய, இன்று ரமண மந்திரமாக விளங்கும் அந்த வீட்டில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு வாருங்கள் என்றார். உள்ளது ஒரே ஆன்மா என்னும் ஏகான்ம வாதத்தை மறுக்கப்போகும் ஒரு சைவ சித்தாந்தி, அவ்வாதத்தின் கனிந்த சான்றை முதலில் பார்த்துவிட்டு வரச் சொல்வது பெரிய மனம்.

கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு ஒரு காலையில் அழைத்துச் சென்றார்கள். செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் சிற்பங்களின் எதிரில், எப்பொருளுக்கும் பல பக்கங்கள் உண்டு என்னும் சமணரின் அனேகாந்தவாதத்தை ஆசிரியர் சுருக்கமாக விளக்கினார். ஒரே பொருளில் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒருங்கே உண்டு என்ற கருத்து அங்கே எளிதில் மனத்தில் பதிந்தது. வெயில் ஏறிவிட்டதால் ஏழுவகைக் கூற்றுகளான சப்தபங்கி பாதியில் நின்றுபோனது.

இனிக் குறைகள். முதலாவது, பௌத்தம். மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் பிற கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் 14 எதிர்த்தரப்புகளை எடுத்துக்கொள்கிறார். அவற்றில் நான்கு பௌத்தப் பிரிவுகள். புறப்பொருள் உண்டு, அதை நேரே காண்கிறோம் என்பவர் வைபாடிகர். புறப்பொருள் உண்டு, ஆனால் அறிவில் பதியும் வடிவத்தைக் கொண்டு அனுமானிக்கவே முடியும் என்பவர் சௌத்திராந்திகர். அறிவுக்கு வெளியே பொருளே இல்லை என்பவர் யோகாசாரர். எதற்கும் தன்னியல்பு என ஒன்று இல்லை என்பவர் மாத்தியமிகர். உலகத்தின் மெய்ம்மை பற்றி இவ்வளவு நுட்பமாகப் பிரிந்து பேசியவர்களை, ‘எல்லாம் கணத்தில் அழியும் என்றும் சூனியம் என்றும் சொல்பவர்கள்’ என்று ஒரே மாலையில் முடித்துவிட்டார்கள். பூதவாதிக்குக் கிடைத்த நீதி மாத்தியமிகத்தின் முதல்வரான நாகார்ச்சுனருக்குக் கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பை மதிப்பதே இவ்வகுப்பின் பெருமை என்பதால்தான் இந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. விசிட்டாத்வைதமும் அவ்வாறே. கூடலழகரும் கள்ளழகரும் இருக்கும் ஊரில், உயிர்களும் உலகமும் இறைவனுக்கு உடல் என்ற இராமானுசரின் கொள்கையை ஒரு வைணவப் பெரியவரை அழைத்தே சொல்லவைத்திருக்கலாம்.

இரண்டாவது, உடலும் உலகமும் எவற்றால் ஆனவை என்று சித்தாந்தம் எண்ணிச் சொல்லும் 36 தத்துவங்களின் பாடம். அச்சிட்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். நாதம் முதல் மண் வரை ஒன்றிலிருந்து ஒன்று ஏன் தோன்ற வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே போதிய இடமில்லை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் நின்றுவிடுகிறார்கள்.

மற்றபடி இடம் சுத்தமானது. மின்விசிறி இரைச்சல் கூடுதல் என்பதால் முன்வரிசையில் அமர்வது நல்லது. மாடிப்படி செங்குத்தாக இருப்பதால் முதியவர்கள் துணையோடு வரவேண்டும். கேள்வி கேட்பவரைச் சைவரா, அல்லரா என்று யாரும் பார்ப்பதில்லை. என் பக்கத்தில் அமர்ந்திருந்த கிறித்தவ நண்பருக்கும் கடவுளே இல்லை என்பவருக்கும் ஒரே பொறுமையோடு விடை கிடைத்தது. பழந்தமிழ்ச் செய்யுளில் ஓரளவு பழக்கம் இருந்தால் போதும்; வடமொழி தேவையில்லை. அடுத்த சுற்று சித்திரையில் தொடங்குகிறது. பௌத்தத்தின் நான்கு பிரிவுகளுக்கும் தனித்தனியே ஒரு மாலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சேருபவர்களும் கேட்டால் ஆசிரியர் மறுக்கமாட்டார் என நம்புகிறேன்.