அப்பாச்சி குவாகமோலி: வெளி ஆட்களுக்கு ரிமோட் ஆக்சஸ் கொடுக்க எவ்வளவு தூரம் நம்பலாம்?

அவுட்சோர்ஸ் ஆட்களுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒப்பந்தம் முடிகிற அன்றைக்கே மிச்சமில்லாமல் மூடுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வி.பி.என். கொடுத்தால் அவர்களுடைய லேப்டாப், அதிலுள்ள வைரஸ் உட்பட, நம் நெட்வொர்க்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேரடியாக இணையத்தில் வைப்பது அதைவிட மோசம். ரான்சம்வேர் கும்பல்கள் எப்போதும் தட்டிப்பார்க்கும் கதவு அது. குவாகமோலி என்பது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரின் திரையைப் பிரவுசரிலேயே காட்டும் மென்பொருள். ஊழியர் பக்கம் ஒரு பிரவுசர் போதும். நம் பக்கம் 443 போர்ட் மட்டும் திறந்திருந்தால் போதும்.

இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2017 முதல் அப்பாச்சி அமைப்பின் முதல்நிலைத் திட்டம். உள்ளே இரண்டு பாகங்கள். ஜாவா வெப் அப்ளிகேஷன், டாம்கேட் என்கிற ஜாவா சர்வரில் 8080 போர்ட்டில் ஓடும். குவாக்-டி என்கிற சேவை 4822-இல் இருந்துகொண்டு ஆர்.டி.பி. (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்), வி.என்.சி., எஸ்.எஸ்.ஹெச். ஆகிய ரிமோட் இணைப்பு முறைகள் வழியாக உள்ளே இருக்கும் மெஷின்களோடு பேசும். யூசர் விவரங்களுக்கு போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். மென்பொருளைத் தயார் பொட்டலமாக (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரில் மூன்று கன்டெய்னர்களாக ஏற்றுவதே சுலபம். கையால் நிறுவுபவர்கள் டாம்கேட் 9-ஐத் தேடிப்பிடித்துப் போட வேண்டும். 10-இல் ஜாவா பேக்கேஜ் பெயர்களே மாறிவிட்டதால், குவாகமோலியின் ஃபைலை அப்படியே கொண்டுபோய் வைத்தால் அப்ளிகேஷன் எழும்பாது.

ஏற்றியவுடன் இரண்டு வேலை. யூசர் பெயரும் பாஸ்வேர்டும் ‘குவாக்அட்மின்’ என்றே இருக்கும் டீஃபால்ட் கணக்கில் நுழைந்து, புது அட்மின் உருவாக்கி, பழையதை அழித்துவிடுங்கள். 4822 போர்ட் வெளியே தெரியாதபடி பாருங்கள். குவாக்-டிக்குச் சொந்தமாக லாகின் சோதனை எதுவும் கிடையாது.

முன்னால் என்ஜின்எக்ஸ் என்கிற வெப் சர்வரை வைத்து ஹெச்.டி.டி.பி.எஸ். போடும்போது ப்ராக்ஸி பஃபரிங்கை (தகவலைத் தேக்கி அனுப்புவதை) அணைக்க வேண்டும், வெப்சாக்கெட்டுக்கான (அறாமல் திறந்திருக்கும் இருவழி இணைப்புக்கான) அப்கிரேடு ஹெட்டர்களை உள்ளே கடத்த வேண்டும். மறந்தால் எர்ரர் எதுவும் வராது. சத்தமில்லாமல் சாதாரண ஹெச்.டி.டி.பி.-க்கு இறங்கி வேலை செய்யும். மவுஸ் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுக்கும். ‘நெட் ஸ்லோ’ என்று ஊழியரைக் குறைசொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

இந்த வேலைக்கு இதைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இது: ஊழியருக்கு விண்டோஸ் பாஸ்வேர்டு தெரியவே வேண்டாம். கனெக்‌ஷனிலேயே அதைப் பதித்துவிட்டால், அவருக்குத் தெரிவது குவாகமோலி லாகினும் மொபைலில் ஆதென்டிகேட்டர் ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணும் (டி.ஓ.டி.பி.) மட்டுமே. கணக்கு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை செல்லும் என்பதையும் அங்கேயே குறிக்கலாம். டைம்ஸோனையும் சேர்த்துக் குறியுங்கள். வேறு நாட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இதில்தான் குழப்பம் வரும். ஒருவரை நீக்கும்போது கணக்கை முடக்கியதோடு நிற்காமல், ஆக்டிவ் செஷன்ஸ் பட்டியலில் ஓடிக்கொண்டிருப்பதையும் துண்டித்துவிடுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. குவாகமோலி லாகின் பாஸ்வேர்டுகள் ஹாஷ் செய்யப்பட்டு (திருப்பிப் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு) இருக்கும். கனெக்‌ஷனில் பதித்த விண்டோஸ் பாஸ்வேர்டுகள் டேட்டாபேஸில் அப்படியே படிக்கிற மாதிரி கிடக்கும். ஆகவே அதன் பேக்கப்பை என்கிரிப்ட் செய்தே வையுங்கள். ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு கொடுங்கள், ஒன்றுக்கும் அட்மின் உரிமை வேண்டாம்.

வருகிற புகார்களில் பாதி குவாகமோலியுடையவை அல்ல, விண்டோஸுடையவை. ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்காது. ப்ரோ ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடும். சர்வர் பதிப்பில் நிர்வாக வேலைக்கு இரண்டு செஷன். அதற்கு மேல் ஆர்.டி.எஸ். (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) லைசென்ஸ் வேண்டும். 120 நாள் சலுகைக் காலம் இருப்பதால் ஆரம்பத்தில் எல்லாம் நன்றாக ஓடும், அது தீர்ந்த பிறகு ஊழியர் ஒருவருக்கும் கனெக்‌ஷன் கிடைக்காது. இலவச மென்பொருள் என்று பட்ஜெட் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். என்.எல்.ஏ. (திரை திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சோதிக்கும் விண்டோஸ் வசதி) இயங்கும்போது விண்டோஸ் பாஸ்வேர்டு காலாவதியானால், மாற்றச் சொல்லும் திரைகூட வராமல் கனெக்‌ஷன் அறுந்துவிடும். பிரவுசர் டேபை மூடுவது சைன் அவுட் ஆகாது. செஷன் உள்ளே மெமரியைத் தின்றுகொண்டு கிடக்கும். விண்டோஸின் குரூப் பாலிசி அமைப்புகளில் துண்டிக்கப்பட்ட செஷனுக்கு ஒரு நேர வரம்பு வையுங்கள்.

காப்பி, பேஸ்ட், ஃபைல் டவுன்லோடு, அப்லோடு ஒவ்வொன்றையும் கனெக்‌ஷன் வாரியாகத் தனித்தனியே தடுக்க முடிகிறது. வெளி ஆட்களுக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேட்டால் மட்டும் திறப்பது நல்லது. ஆனால் அந்த ரிமோட் மெஷினில் ஜிமெயில் திறக்க முடிந்தால் இத்தனை பூட்டும் வீண். அதன் வெளிப்போக்கை ஃபயர்வாலில் தேவையான தளங்களோடு நிறுத்துங்கள். திரையை மொபைலில் படமெடுப்பவரை எந்த மென்பொருளும் தடுக்காது, அது ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய விஷயம்.

செஷன் ரெக்கார்டிங் உண்டு. 1.5.0 பதிப்பிலிருந்து ஹிஸ்டரி பக்கத்திலேயே ஓட்டிப்பார்க்கலாம். அதற்கான எக்ஸ்டென்ஷனைச் சேர்க்க வேண்டும். வீடியோ ஃபைலாகத் தேவைப்பட்டால் குவாக்-என்க் கருவி மாற்றித் தரும். கவனிக்க வேண்டியது ஃபோல்டர் உரிமை. கன்டெய்னருக்குள் குவாக்-டி ரூட்டாக (முழு உரிமையுள்ள யூசராக) ஓடுவதில்லை. அது எழுத முடியாத ஃபோல்டரைக் காட்டினால் கனெக்‌ஷன் ஜம்மென்று வேலை செய்யும், பதிவு மட்டும் இருக்காது. முதல் ஆளைச் சேர்த்த உடனே ஃபைல் விழுந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கீ அழுத்தங்களைப் பதியும் வசதியை அணைத்தே வையுங்கள், அதில் பாஸ்வேர்டுகளும் சேர்ந்து விழும். பதிவு நடப்பதை ஊழியரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

லாகினில் ஆறு இலக்க எண்ணை ‘தவறு’ என்று திருப்பினால் முதலில் சர்வர் கடிகாரம் சரியா என்று பாருங்கள். மொபைலைத் தொலைத்தவருக்கு, யூசர் பக்கத்தில் அந்த எண்ணுக்கான ரகசியச் சாவியை (டி.ஓ.டி.பி. சீக்ரெட்) அழித்துவிட்டால் அடுத்த லாகினில் புது க்யூஆர் வரும்.

டேட்டா என்ட்ரி, கணக்கு வேலை, டிக்கெட் பார்ப்பது இதற்கெல்லாம் தாராளம். வெப்கேமரா வைத்த மீட்டிங், வீடியோ எடிட்டிங், யூ.எஸ்.பி. டாங்கிள் கேட்கும் மென்பொருள் என்றால் வேறு கருவி பாருங்கள். தட்டச்சே முழுநேர வேலை என்றால் பிங் (சிக்னல் போய்த் திரும்பும் நேரம்) 150 மில்லிசெகண்டைத் தாண்டும்போது எரிச்சல் தொடங்கிவிடும். குவாக்-டியை ஊழியருக்கு அருகில் அல்ல, விண்டோஸ் மெஷினுக்கு அருகில் வையுங்கள். புதியவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று: உள்ளே ஃபைலை மூட கன்ட்ரோல்-டபிள்யூ அடித்தால், பிரவுசர் அதைத் தன் கட்டளையாக எடுத்துக்கொண்டு டேபையே மூடிவிடும். குரோமில் அந்தப் பக்கத்தைத் தனி ஆப் சாளரமாக நிறுவிக் கொடுத்துவிடுங்கள்.