வேறு மாநிலத்தில் வீடு: யாரை நம்பி வாங்குவது?

வேலை மாற்றலாகி அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸின் டல்லாஸ் பக்கம் போகிறவர்கள் பலர், விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்கே முதலில் போன் போடுகிறார்கள். அது விற்பவரின் ஏஜென்ட். வீட்டைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் விலையைக் குறைக்க உங்களுக்கு வழி சொல்ல மாட்டார். அவரையே உங்கள் ஏஜென்டாகவும் வைத்துக்கொள்ளலாமா? கொலராடோவில் ஒரே ஏஜென்ட் இரு தரப்புக்கும் பிரதிநிதியாக இருக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. தொலைவிலிருந்து வாங்குபவருக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

கம்பெனி ஏற்பாடு செய்யும் ரீலொகேஷன் நிறுவனம் அடுத்தது. சாமான் ஏற்றுவது முதல் எல்லாம் ஓரிடத்தில் முடியும். ஆனால் அவர்கள் காட்டும் ஏஜென்ட் தன் கமிஷனில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் பட்டியலும் சின்னது. அந்த வழியாகப் போனால்தான் செலவைக் கம்பெனி ஏற்கும் என்றால், சரி, பட்டியலுக்குள்ளேயே இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பாருங்கள்.

என் ஓட்டு, நீங்களே தேடிப் பிடிக்கும் வாங்குபவர் தரப்பு ஏஜென்டுக்கு. ஆகஸ்ட் 2024 முதல் பெரும்பாலான ஏஜென்டுகள் வீடு காட்டும் முன்பே எழுத்து ஒப்பந்தம் கேட்கிறார்கள். கமிஷன் பேரத்துக்கு உரியது. ஒப்பந்தம் எத்தனை மாதம் கட்டுப்படுத்தும், கமிஷனை விற்பவர் கொடுக்காவிட்டால் யார் கொடுப்பது என்பதைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். ஆளை எடைபோட வீடியோ காலே போதும். சமையலறையை மட்டும் சுற்றிக் காட்டுகிறாரா, கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலருகே போனைக் கொண்டுபோகிறாரா? வட டெக்சாஸ் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், அஸ்திவாரமே அசையும். அந்த விரிசலைக் காட்டுபவர்தான் உங்கள் ஆள்.

வக்கீல் வேண்டுமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. நியூ ஜெர்சியில் ஏஜென்ட் எழுதும் ஒப்பந்தத்தை வக்கீல் பார்க்க மூன்று வேலை நாள் உண்டு. சவுத் கரோலினாவில் வக்கீல் இல்லாமல் குளோசிங் (கையெழுத்துப் போட்டு வீடு கைமாறும் கடைசிக் கட்டம்) கிடையாது. டெக்சாஸில், வீட்டின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியே முடித்துவிடும். அங்கே உங்களுக்குப் பாதுகாப்பு ஆப்ஷன் பீரியட்: ஒரு கட்டணம் கொடுத்துவிட்டால், பேசிய நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம்.

அந்த நாட்களுக்குள்தான் வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வர வேண்டும். ஏஜென்ட் சொல்பவரையே வைத்துக்கொள்ளாமல் தனியாகத் தேடுங்கள். டெக்சாஸில் இன்ஸ்பெக்டருக்கு மாநில லைசென்ஸ் கட்டாயம், கலிபோர்னியாவில் அப்படி ஒன்றே இல்லை. ஒரே ஒரு முறைதான் விமானம் ஏற முடியும் என்றால், குளோசிங்குக்குப் போகாதீர்கள். கையெழுத்தை இருந்த இடத்திலிருந்தே நோட்டரி வைத்துப் போடலாம். இன்ஸ்பெக்ஷன் அன்று போய், இன்ஸ்பெக்டர் பின்னாலேயே கூரைக்கடியில் இருக்கும் பரணிலிருந்து கழிவுநீர்க் குழாய் வரை பாருங்கள்.