சம்ப் கட்ட கண்ணாடியா, அக்ரிலிக்கா?

கடல்நீர்த் தொட்டி வைத்தவர் யாராக இருந்தாலும், ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு அடியில் இருக்கும் அலமாரியை அளக்க உட்கார்ந்துவிடுவார். ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி), பம்ப் எல்லாவற்றையும் ஒளித்துவைக்க அங்கே ஒரு சம்ப், அதாவது மேல்தொட்டியின் தண்ணீர் வந்து போகும் இன்னொரு சிறு தொட்டி, வேண்டும். (ஹீட்டரைச் சொல்லவில்லை, சென்னையில் அதற்கு வேலை இல்லை.) கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்படுபவை என்பதால், என் தொட்டியில் செயற்கைப் பாறையும் கோமாளி மீன்களும்தான். பவளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்ப் அதேதான்.

கண்ணாடியில் ஒன்று, கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கில் ஒன்று எனக் கட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். 5 மி.மீ. கண்ணாடியில் பெட்டி ஏறத்தாழ 9 கிலோ, 6 மி.மீ. அக்ரிலிக்கில் 5 கிலோ. ஐம்பது லிட்டர் தண்ணீர் நிற்கப்போகும் பெட்டியில் நாலு கிலோ ஒரு பொருட்டா?

கண்ணாடியின் பெரிய குணம் பொறுமை. கடையில் வெட்டி வாங்கி, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானால் ஒட்டி, ஒரு வாரம் காயவிட்டால் போதும். சம்பை அறைகளாகப் பிரிக்கும் தடுப்புத் தகடு ஒரு அங்குலம் தள்ளி நின்றுவிட்டதா? பிளேடால் அறுத்து எடுத்து மறுபடி ஒட்டலாம். குழாய்க்குத் துளை போடுவதுதான் வேதனை. வைர பிட் வேண்டும், தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கை கொஞ்சம் அழுத்தினால் போச்சு. டஃபன் செய்த (சூடாக்கி உறுதியேற்றிய) கண்ணாடியாக இருந்தால் துளையை மறந்துவிடுங்கள், மொத்தமும் பொடியாகிவிடும்.

அக்ரிலிக்கில் இந்தத் தலைவலி கிடையாது. மரத்தில் வட்டத் துளை போடும் ஹோல்சாவே அதில் போகும். ஆனால் பசையை நம்பி அதில் இறங்கக் கூடாது, ஏனென்றால் அங்கே பசை என்று ஒன்று இல்லை. தண்ணீர்போல இருக்கும் கரைப்பான் இரண்டு ஓரங்களையும் கரைத்து ஒன்றாக்குகிறது. மெல்லிய குண்டூசிகளை இடையில் வைத்துத் தகடுகளை நிறுத்தி, ஊசிக் குழாயால் ஓரமாக விட்டால் அது தானே உள்ளே ஓடும். அரை நிமிடம் கழித்து ஊசிகளை உருவிவிட வேண்டும். இதை நான் முதலில் செய்தது நவம்பரில், மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். விடிந்து பார்த்தால் இணைப்பு முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெள்ளை. கரைப்பான் ஆவியாகும்போது ஓரம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. பிளேடால் பிரிக்கவும் வழியில்லை. ஓரத்தை அறுத்துத் தள்ளிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன். ஜன்னலைத் திறந்துவைத்து, வெயில் நாளில்தான் செய்ய வேண்டும். அந்த ஆவியை மூச்சில் இழுக்கவும் கூடாது.

தகட்டிலும் இரண்டு வகை. உருக்கிப் பிதுக்கி எடுக்கும், விலை குறைந்த எக்ஸ்ட்ரூடட் தகடு ஒரே சீரான கனத்தில் வரும். ஆனால் வாளுக்குக் கீழே உருகி ஒட்டிக்கொள்ளும், கரைப்பான் பட்டால் மயிரிழை விரிசல் விடும். அச்சில் ஊற்றி எடுக்கும் காஸ்ட் தகட்டின் கனம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் தண்ணீர் நிற்கும் பெட்டிக்கு அதுதான். பெயர்ப்பலகைக் கடையில் லேசரில் வெட்டிக் கொடுக்கும் பளபள ஓரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வெப்பத்தில் இறுகிய அந்த ஓரத்தில் கரைப்பான் பட்டாலும் அதே விரிசல்தான். வாளால் அறுத்து, ரூட்டரால் (தச்சர்களின் ஓரம் சீவும் மெஷின்) சீவிய ஓரம் பார்க்க மங்கலாக இருந்தாலும் பிடிப்பு உறுதி. மேலே சுற்றிலும் ஒரு பட்டையும் ஒட்டுங்கள், இல்லையென்றால் நீள்பக்கம் தொப்பை போடும்.

என்னைக் கேட்டால் சம்ப் கண்ணாடியில்தான். கீறல் விழுமே என்று அக்ரிலிக்கைத் தள்ளுவார்கள், அலமாரிக்குள் கீறலை யார் பார்க்கப்போகிறார்கள்? எனக்கு முக்கியம், தப்பைத் திருத்த முடிவது. ஓவர்ஃப்ளோ பெட்டி (மேல்தொட்டி நீர் வழிந்து இறங்குமிடம்), ஸ்கிம்மர், மீடியா ரியாக்டர் (சுத்திகரிக்கும் பொருள் நிரப்பிய குழல்) என்று துளையும் வளைவும் வரும் இடங்களுக்கு அக்ரிலிக்கை விட்டால் வேறு வழியில்லை.

பலர் போகும் நடுவழி ஒன்று உண்டு: கண்ணாடி சம்புக்குள் அக்ரிலிக் தடுப்புகள். சிலிகான் அக்ரிலிக்கைச் சரியாகப் பிடிக்காது, தகடும் தண்ணீர் குடித்து வளையும். என் தடுப்பு ஒன்று எட்டாவது மாதம் கழன்று பம்ப் மேல் சாய்ந்து கிடந்தது. இப்போது அந்த இடத்தில் இருப்பது 5 மி.மீ. கண்ணாடித் துண்டு.