அம்புக்குறி லைன்டைப் செய்து தருகிறேன் என்று 9,500 ரூபாய் வாங்கி ஏமாற்றினான், டிராஃப்டிங் வேலை செய்பவர்கள் படியுங்கள்

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். ஆறிப்போனால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அவன் அடுத்த ஆளைப் பிடிப்பான்.

பெங்களூர் அல்சூரில் வீட்டிலிருந்தே ஏசி, பிளம்பிங் ஷாப் டிராயிங் (சைட்டில் வேலை செய்வதற்கான விவரப் படம்) போட்டுக்கொடுக்கிறேன். இப்போது கையில் இருப்பது ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஆபீஸ் கட்டடம். சில்டு வாட்டர் (ஏசிக்கான குளிர்ந்த தண்ணீர்) போகிற லைன், திரும்புகிற லைன், டிரெயின் எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடும் திசை கோட்டிலேயே அம்பாகத் தெரிய வேண்டும், தனியாக அம்பு ஒட்டக் கூடாது என்று கன்சல்டன்ட் கறாராகச் சொல்லிவிட்டார். மொத்தம் 12 லைன்டைப், அதாவது 12 கோட்டு வகை. படம் வரைகிற ஆட்டோகேட் மென்பொருளோடு வருகிற லின் கோப்பில் (லைன்டைப்புகளை எழுதிவைத்திருக்கும் கோப்பு) வேலி இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, கேஸ் லைன் இருக்கிறது. எனக்கு வேண்டிய அம்பு இல்லை. கையில் இருந்தது நாலே நாள்.

ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துத்தரும் ஒரு தளத்தில் விளம்பரம் போட்டேன். இந்தியிலும் இங்கிலீஷிலும் பத்துப் பேர் பேசினார்கள். பதினோராவது ஆள், "அக்கா, தமிழா? நானும் ஓசூர்ப் பையன்தான்க்கா" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். சின்ன வீடியோ ஒன்று அனுப்பினான். நீலக் கோட்டில் அம்புகள் வரிசையாக, பார்க்கவே அழகாக இருந்தன. "தளத்துல போட்டா கமிஷன் பிடிச்சுக்குவாங்கக்கா. நேரா யூபிஐல போட்டுடுங்க, உங்களுக்காக 9,500" என்றான். போட்டுவிட்டேன். முழுப் பணமும், 9,500 ரூபாய்.

மறுநாள் வந்தது ஒரு டிராயிங் கோப்பு. திறந்ததும் அம்பெல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஒரு பைப் லைனின் நுனியைப் பிடித்துக் கொஞ்சம் கீழே இழுத்தேன். கோடு வந்தது, அம்புகள் இருந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்றன! மெஷர் கட்டளையில் இடைவெளி விட்டு ஒட்டிய வெறும் பிளாக்குகள், கோட்டோடு சேராத தனிப் படங்கள். கன்சல்டன்ட் எதை வேண்டாம் என்றாரோ அதுவேதான்.

கேட்டதும் "சாரிக்கா, தப்பான ஃபைல்" என்று லின் கோப்பு ஒன்று அனுப்பினான். நாலு லைன்டைப் ஒரு எஸ்ஹெச்எக்ஸ் கோப்பைக் (அம்பு போன்ற வடிவங்கள் இருக்கும் ஷேப் கோப்பு) கேட்கின்றன, அந்தக் கோப்பை அனுப்பவே இல்லை. மிச்ச எட்டும் ஆட்டோகேடிலேயே இருக்கிற சுடுதண்ணீர் லைன், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். சில்டு வாட்டர் லைனில் வரிசையாக "எச்டபிள்யூ, எச்டபிள்யூ" என்று வருகிறது. இதைக் கன்சல்டன்டுக்கு அனுப்பியிருந்தால் என் பிழைப்பு என்ன ஆகியிருக்கும்?

அப்புறம் தொடங்கியது இழுத்தடிப்பு. எல்டிஸ்கேல் (லைன்டைப்பின் அளவு) மாற்றிப் பாருங்க என்றான். உங்க வெர்ஷன் பழசு என்றான். அக்கா என்றவன் மேடம் என்றான், பிறகு பதிலே இல்லை. தளத்துக்காரர்கள், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பேங்கில், நீங்களே பின் போட்டு அனுப்பியதுதானே என்கிறார்கள். 9,500 ரூபாய் எனக்கு ஒரு மாச வாடகை.

கடைசியில் நோட்பேடைத் திறந்து நானே எழுதினேன். ஒரு லைன்டைப்புக்கு இரண்டே வரி. முதல் வரியில் நட்சத்திரக் குறி, பெயர், விளக்கம். அடுத்த வரி ஏ என்ற எழுத்தில் தொடங்கும். கோட்டின் நீளம், கழித்தல் குறி போட்டு இடைவெளி, சதுர அடைப்புக்குள் அம்பு. அம்புக்குக் கீபோர்டில் இருக்கிற "பெரியது" குறியே (>) போதும், ஷேப் கோப்பு வேண்டாம். கோணத்துக்கு ஆர் போட வேண்டும். யு போட்டால் எழுத்து தலைகீழாகாமல் நிமிர்த்திக்கொள்ளும், அதனால் வலமிருந்து இடமாக வரைந்த கோட்டில் அம்பு எதிர்த்திசையைக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆர் போட்ட பிறகும் திசை மாறி இருந்தால் கோட்டை எதிர்ப்பக்கமிருந்து வரைந்திருக்கிறோம் என்று அர்த்தம், ரிவர்ஸ் கட்டளை கொடுத்தால் திரும்பிவிடும்.

விவரமாக யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை, டிராயிங் பாக்கி இருக்கிறது. தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள், யார் எந்த ஊர் என்று சொன்னாலும். வீடியோவை நம்பாமல் ஒரே ஒரு லைன்டைப் வாங்கி, கோட்டை இழுத்துப் பாருங்கள். ஷேப் வைத்துச் செய்ததென்றால் லின் கோப்போடு எஸ்ஹெச்எக்ஸ் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பணம் போனால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள். நான் அவன் பதில் சொல்வான் என்று இரண்டு நாள் காத்திருந்துவிட்டேன்.

புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். 9,500 ரூபாய் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.