ராப் பேரு: லில்னு வைக்கலாமா, சொந்தப் பேரே போதுமா?

புதுசா ராப் பண்றவங்க நிறைய பேர் இதுல தான் குழம்புறாங்க. லில்னா லிட்டில், பேருக்கு முன்னாடி குட்டினு போடுற மாதிரி.

எங்கிருந்து வந்துச்சு?
லில்: ப்ளூஸ்ங்கிற பழைய அமெரிக்க இசையிலயே லிட்டில் வால்டர் இருந்தாரு, பழைய பழக்கம்.
சொந்தப் பேரு: ராப்பர் கென்ட்ரிக் லமார் முதல்ல கே.டாட்னு பாடினாரு, அப்புறம் தான் சொந்தப் பேருக்கு வந்தாரு.

வயசானா?
லில்: லில் பவ் வாவ் வளர்ந்ததும் லில்ல கழட்டிட்டாரு.
சொந்தப் பேரு: பிரச்சனையே இல்ல.

தனியா தெரியுமா?
லில்: லில் கிம், லில் ஜான், லில் பேபி, லில் டர்க்னு ஒரே கூட்டம், ஆனா லில் வெய்ன் வேற மாதிரி, அவரு நிஜப் பேரு டுவெய்ன், அப்பா பேரும் அதே தான், கூட இல்லாத அப்பாவோட பேரு வேணாம்னு முதல் எழுத்தயே தூக்கிட்டாரு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பேர்க்கதை இது.
சொந்தப் பேரு: பேர் அபூர்வமா இருந்தா தெரியும்.

உங்க வாழ்க்கையப் பாடணும்னா சொந்தப் பேரு, ஊர்ல ஏற்கனவே அப்படிக் கூப்பிட்டா மட்டும் லில்.